பூலாவ் திகா தீவின் ஏழு ஓட்டுகள்

2000-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23-ஆம் தேதி இரவு அமெரிக்காவில் ஐந்து கோடிக்கும் மேற்பட்டவர்கள் ஒரே தொலைக்காட்சி நிகழ்ச்சியின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். தேர்தல் முடிவும் இல்லை, கால்பந்து இறுதி ஆட்டமும் இல்லை. ஒரு தீவில் 39 நாள் கிடந்து கடைசியில் மிஞ்சிய இரண்டு பேரில் பத்து லட்சம் டாலர் யாருக்கு என்று ஏழு பேர் போட்ட ஓட்டின் முடிவு, அவ்வளவுதான். இத்தனைக்கும் அந்த ஓட்டு ஏப்ரல் மாதமே போட்டு எண்ணி முடிந்துவிட்டது. நான்கு மாதம் அந்த ரகசியத்தை வெளியே விடாமல் காத்தார்கள். சர்க்கார் அலுவலகத்தில் மாற்றல் உத்தரவு கையெழுத்தாகும் முன்பே டீக்கடைக்கு வந்துவிடுவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதுவே பெரிய ஆச்சரியம்.

நிகழ்ச்சியின் பெயர் ‘சர்வைவர்’. 2021-இல் ஜீ தமிழில் அர்ஜுன் நடத்தினாரே, காடர்கள், வேடர்கள் என்று இரண்டு கூட்டமாகப் பிரித்து ஜான்சிபார் தீவில் விட்டார்களே, அதற்கு மூத்த வழி இது. “இதில் ஜெயிக்கிறவனுக்கு என்ன சார் திறமை? பொய் சொல்கிறவன்தானே ஜெயிக்கிறான்?” என்று கடற்கரை நடைப்பயிற்சி நண்பர் ஒருவர் அப்போது கேட்டார். ஒரு வரியில் பதில் சொல்ல முடியாத கேள்வி. முதல் ஆட்டம் எப்படி நடந்தது என்று தெரிந்தால் பாதி பதில் கிடைக்கும். எனவே அந்தக் கதையைச் சொல்கிறேன்.

யோசனை சார்லி பார்சன்ஸ் என்ற ஆங்கிலேயருடையது. அதை முதலில் துணிந்து எடுத்தவர்கள் ஸ்வீடன்காரர்கள். 1997-இல் ‘எக்ஸ்பெடிஷன் ராபின்சன்’ என்ற பெயரில் அவர்களுடைய பொதுத் தொலைக்காட்சியில் வந்தது. ராபின்சன் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த ராபின்சன் குரூசோதான். முதலில் வெளியேற்றப்பட்டவர் ஒளிபரப்பு தொடங்குவதற்கு முன்பே தற்கொலை செய்துகொண்டார். நாடே கொந்தளித்தது. ஆனாலும் நிகழ்ச்சி நிற்கவில்லை. மனிதர்களை ஊரறிய ‘நீ வேண்டாம்’ என்று அனுப்புவது விளையாட்டல்ல என்பது அப்போதே தெரிந்திருந்தது என்பதற்காகத்தான் இதைக் குறிப்பிடுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு ராபின்சனைவிட ஜூல் வெர்னின் ‘மர்மத் தீவு’தான் நெருக்கம். அதில் பலூனில் தப்பி ஒரு தீவில் விழும் ஐந்து பேரும் சேர்ந்து செங்கல் சுடுகிறார்கள், இரும்பு உருக்குகிறார்கள். யாரும் யாரையும் ஓட்டுப் போட்டு வெளியே அனுப்பவில்லை. அந்த ஒரு விதியைச் சேர்த்ததுதான் பார்சன்ஸின் கெட்டிக்காரத்தனம். அதற்கு மேல் இன்னொரு விதி: வெளியேற்றப்பட்டவர்களே கடைசியில் நடுவர்களாக உட்கார்ந்து வெற்றியாளரைத் தேர்ந்தெடுப்பார்கள். அதாவது, ஒருவனை நீ வெளியே தள்ளவும் வேண்டும், தள்ளப்பட்ட அவனே உனக்கு ஓட்டுப் போடவும் வேண்டும்.

இனி பூலாவ் திகா. மலேசியாவின் சபா மாநிலத்துக் கரைக்கு அப்பால் உள்ள சிறு தீவு. 16 பேரை இறக்கி, தாகி, பகாங் என்று எட்டு எட்டாகப் பிரித்தார்கள். மூன்று நாளுக்கு ஒரு முறை, போட்டியில் தோற்ற கூட்டம் தங்களில் ஒருவரை ஓட்டுப் போட்டு அனுப்ப வேண்டும். வந்தவர்களில் பெரும்பாலோர் இதை உடம்பையும் மனத்தையும் சோதிக்கிற சாகசம் என்றே நினைத்தார்கள். உழைக்காதவரை, பலமில்லாதவரை அனுப்பினால் போதும், நல்லவர்கள் மிஞ்சுவார்கள் என்பது அவர்கள் கணக்கு. முதலில் போனவர் 60 வயதைத் தாண்டிய பெண்மணி, புற்றுநோயிலிருந்து மீண்டவர். போட்டியில் தடுமாறி விழுந்தார் என்று அனுப்பிவிட்டார்கள். எதிர்க்கூட்டத்தில் அதே வயதுள்ள ஒருவர் விழுந்து விழுந்து உழைத்தார், மற்றவர்களையும் வேலை வாங்கினார். அவரையும் அனுப்பிவிட்டார்கள். பெரியவர்கள் எந்த ஊரிலும் இரண்டு விதமாகவும் மாட்டிக்கொள்கிறோம்.

ஒருவருக்கு மட்டும் முதல் நாளே விஷயம் புரிந்திருந்தது. ரிச்சர்ட் ஹாட்ச், வயது 39, நிறுவனங்களில் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர். மற்றவர்கள் குடிசை கட்ட ஓடிக்கொண்டிருந்தபோது இவர் மரத்தின் மேல் உட்கார்ந்து, நாம் எப்படிச் சேர்ந்து வேலை செய்யப்போகிறோம் என்று முதலில் பேசுவோம் என்றார். எல்லோருக்கும் எரிச்சல். போகப் போக வேறு சில காரணங்களுக்காகவும் எரிச்சல்: தீவில் உடையில்லாமல் உலாவினார், தான் ஜெயித்துவிட்டதாகவே பேசினார். அந்த முதல் நாள் எரிச்சலிலேயே அவரை அனுப்பியிருக்க வேண்டும். ஏன் அனுப்பவில்லை? அவர் மீன் பிடித்தார். ஈட்டியோடு கடலில் இறங்கி மூச்சடக்கிப் போய் மீன் கொண்டுவந்தார். சோறு போடுகிற கையை யார் தள்ளுவார்கள்? அவர் மீன் பிடிக்கப் போனதே ஒரு கணக்குத்தான் என்று நினைக்கிறேன். ஆனால் மீன் உண்மையான மீன்.

அடுத்து அவர் செய்ததுதான் வரலாறு. சூ ஹாக் என்ற லாரி ஓட்டுநர், கெல்லி விகிள்ஸ்வொர்த் என்ற படகு வழிகாட்டி, ரூடி போஷ் என்ற 72 வயதுக் கிழவர், இந்த மூவரோடும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். நாம் நான்கு பேரும் ஒரே பெயரை எழுதுவோம். அவ்வளவுதான். இன்றைக்குச் சிறு பிள்ளைக்கும் ‘அலையன்ஸ்’ தெரியும். அன்றைக்கு அது மோசடி போலத் தெரிந்தது. ‘ஒவ்வொருவரும் மனசாட்சிப்படி ஓட்டுப் போட வேண்டும்’ என்று எதிர்க்கூட்டம் பெருமையாகச் சொல்லிக்கொண்டது.

இரண்டு கூட்டமும் ஒன்றாகச் சேர்க்கப்பட்டபோது இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் ஐந்து. முதல் ஓட்டெடுப்பு. பகாங் பக்கத்தவர்கள் ஆளுக்கொரு பெயர் எழுதினார்கள், ஓட்டு சிதறியது. ஹாட்சின் நால்வர் மட்டும் ஒரே பெயர் எழுதினார்கள்: கிரெட்சன் கோர்டி. பத்து ஓட்டில் நான்கே ஓட்டு, ஆள் அவுட். யார் இந்த கிரெட்சன்? அமெரிக்க விமானப் படையில், காட்டில் விழுந்தால் எப்படி உயிர் பிழைப்பது என்று சொல்லிக்கொடுத்தவர்! எல்லோருக்கும் பிடித்தவர். ‘பிழைத்திருப்பவர்’ என்று பெயர் வைத்த ஆட்டத்தில், பிழைத்திருக்கும் கலையைத் தொழிலாகக் கற்பித்த ஆசிரியை அந்த இரவே வெளியே போனார். அந்த நொடியில் அது உடல் வலிமைப் போட்டியாக இருப்பதை நிறுத்திவிட்டது.

அதற்குப் பிறகும் மற்றவர்கள் ஒன்று சேரவில்லை. ஷான் கென்னிஃப் என்ற டாக்டர், யாருக்கும் அநியாயம் செய்யக் கூடாது என்று, ஆங்கில அகரவரிசைப்படி ஓட்டுப் போடப்போவதாக அறிவித்தார். நேர்மையான மனிதர்தான். ஆனால் அடுத்து அவர் யார் பெயரை எழுதுவார் என்று ஊருக்கே தெரிந்துவிட்டதால், அந்த ஓட்டையும் நால்வர் தங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ள முடிந்தது. நியாயமாக நடக்கிறேன் என்று பட்டியலைப் பார்த்துக் கையெழுத்துப் போடும் அதிகாரிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பட்டியலைத் தயாரிக்கிறவன்தான் எப்போதும் ராஜா.

ரூடியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல ஆசை, நம் வயதுக்காரர் என்பதால். 1928-இல் பிறந்தவர். 45 வருடம் அமெரிக்கக் கடற்படையில், அதிலும் ‘சீல்’ அதிரடிப் பிரிவில். படுக்கை மடிப்புக் கலையாத ரகம். ஹாட்ச் தன்பாலின ஈர்ப்பாளர், அதை மறைக்காதவர். ரூடிக்கு அந்த விஷயத்தில் பழைய காலத்து எண்ணங்கள், அதை அவரும் மறைக்கவில்லை. ஆனால் இருவருக்கும் எப்படியோ ஒட்டிக்கொண்டது. கை கொடுத்த பிறகு ரூடி ஒரு முறைகூட மாறவில்லை. ஓடவோ தாவவோ அவரால் இளைஞர்களுக்கு ஈடு கொடுக்க முடியாது. முதலில் அனுப்பப்பட்ட அந்தப் பெண்மணியைப் போல அவரும் போயிருக்க வேண்டியவர். கடைசி மூன்று பேரில் ஒருவராக வந்தது அந்த ஒப்பந்தத்தால்.

கடைசி மூவர்: ஹாட்ச், ரூடி, கெல்லி. கடைசிப் போட்டி மிக எளிது. ஒரு கம்பத்தின் மேல் கை வைத்தபடி நிற்க வேண்டும். கடைசி வரை கையை எடுக்காதவர் மற்ற இருவரில் ஒருவரை வெளியேற்றலாம். ஹாட்ச் யோசித்தார். தானே ஜெயித்து ரூடியைக் கூட்டிக்கொண்டு நடுவர்கள் முன் போனால் தோற்பது உறுதி, கிழவர்மேல் எல்லோருக்கும் மதிப்பு. ரூடியை வெளியேற்றினாலோ, கொடுத்த வாக்கை மீறியதாகும், ரூடியின் ஓட்டும் போகும். கெல்லி ஜெயித்தால் அவளும் இதே பயத்தில் ரூடியைத்தான் அனுப்புவாள். ரூடியே ஜெயித்தால் சொன்ன சொல் காப்பாற்றி ஹாட்சைத்தான் கூட்டிப்போவார். ஆக, எது நடந்தாலும் ஹாட்ச் ஜெயிக்காமல் இருப்பதுதான் நல்லது. தானாகவே கையை எடுத்துவிட்டு மணலில் போய் உட்கார்ந்தார். பத்து லட்சம் டாலருக்கான கடைசிப் போட்டியை வேண்டுமென்றே விட்டுக்கொடுத்த அந்தச் செயலைத்தான் நான் அந்தத் தொடரிலேயே சிறந்த ஆட்டம் என்பேன். ரூடி சில மணி நேரம் நின்றார், பிறகு கவனம் தவறிக் கையை எடுத்துவிட்டார். கெல்லி அவரை அனுப்பினாள்.

ஏழு நடுவர்கள். கெல்லி நல்ல விளையாட்டு வீராங்கனை, கடைசிக் கட்டப் போட்டிகளில் தொடர்ந்து வென்றவள். ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு கால், வெளியே ஒரு கால் என்று இருந்துவிட்டாள். தோழியாக நினைத்த சூவையும் வெளியேற்ற ஓட்டுப் போட்டாள். நடுவராக எழுந்த சூ, இந்தத் தீவில் பாம்பும் எலியும்தான் மிச்சம், பாம்பு எலியைத் தின்னட்டும், அதுதான் இயற்கை என்ற பொருளில் பேசிய பேச்சு இன்றும் நினைவுகூரப்படுகிறது. பாம்பு ஹாட்ச், எலி கெல்லி. துரோகத்திலும் சூவுக்கு அளவுகோல் இருந்தது: வெளிப்படையாகக் கணக்குப் போட்டவனை மன்னிக்கலாம், நண்பியாக இருந்துவிட்டுக் கவிழ்த்தவளை முடியாது. கிரெக் என்ற இளைஞர் ஒன்று முதல் பத்துக்குள் ஒரு எண் சொல்லச் சொன்னார். ஹாட்ச் 7 என்றார், கெல்லி 3 என்றாள். கிரெக்கின் ஓட்டு ஹாட்சுக்குப் போனது. டாக்டரும் அவருக்கே போட்டார். நான்காவது ஓட்டு ரூடியுடையது. 4-3. ரூடியின் ஒரு ஓட்டு மாறியிருந்தால் கதை மாறியிருக்கும். (பரிசுப் பணத்துக்கு வருமான வரி கட்டாததற்காக 2006-இல் ஹாட்சுக்கு 51 மாதச் சிறை கிடைத்தது தனிக்கதை. எல்லாவற்றையும் கணக்குப் போட்டவர் அதை விட்டுவிட்டார்.)

நண்பரின் கேள்விக்கு இப்போது வருவோம். பொய் சொல்கிறவன்தான் ஜெயிக்கிறான் என்றால் அமெரிக்கத் தொடரில் ரஸல் ஹான்ட்ஸ் என்பவர் இரண்டு முறை ஜெயித்திருக்க வேண்டும். 2009, 2010 இரண்டு தொடர்களிலும் எல்லோரையும் கவிழ்த்துக் கடைசி வரை வந்தார். முதல் தடவை நடுவர்களிடம் 7-2 என்று தோற்றார். இரண்டாம் தடவை ஒரு ஓட்டுகூடக் கிடைக்கவில்லை. அந்த இரண்டாம் தடவை ஜெயித்தவர் சாண்ட்ரா டயஸ்-ட்வைன். ஏற்கெனவே 2003-இலும் ஜெயித்தவர். இந்த இரண்டு தொடரிலும் தனிநபர் பாதுகாப்புப் போட்டி ஒன்றில்கூட அவர் வென்றதில்லை. யார் பெயர் எழுதினாலும் சரி, என் பெயர் வேண்டாம் என்பதே அவர் வழி. கவிழ்ப்பது ஒரு திறமை. கவிழ்ந்தவன் முகத்தில் விழிக்க முடிவது வேறு திறமை.

பிரெஞ்சுக்காரர்கள் இதையே வேறு மாதிரி ஆக்கிவிட்டார்கள். 2001 முதல் தே.எஃப்.1 தொலைக்காட்சியில் ‘கோ-லான்தா’ என்ற பெயரில் வருகிறது. விதிகள் ஏறக்குறைய அதே. கடைசிப் போட்டியில் நடுக்கடலில் கம்பத்தின் மேல் நிற்கிறார்கள். ஆனால் அங்கே போட்டியாளர்கள் வாயில் அடிக்கடி வரும் சொல் ‘மெரீத்’, தகுதி. அதிகாலை எழுந்து விறகு பொறுக்கினானா, மீன் கொண்டுவந்தானா, போட்டிகளில் முன்னால் நின்றானா? ‘ஸ்த்ராதேஜ்’ என்று ஒருவரைச் சொன்னால் அது பாராட்டல்ல, வசவு. எங்கள் பிரெஞ்சு வகுப்பில் அந்தச் சொல் நெப்போலியனுக்கு உரிய மரியாதைச் சொல்லாக இருந்தது! மதிப்பெண் அட்டையில் ‘மெரீத்’ வாங்கப் பாடுபட்ட எனக்கு அந்த ஊர் நடுவர்களின் மனம் புரியாமல் இல்லை. ஆனால் தகுதியைப் பேசுவதால் மட்டும் எல்லாம் சுத்தமாகிவிடாது. பழைய வீரர்களைத் திரட்டி நடத்திய 2021 தொடரில் சிலர் வெளியிலிருந்து ரகசியமாகச் சாப்பாடு வாங்கியது தெரியவந்தது. டிசம்பர் 14-ஆம் தேதி இறுதி இரவில், இந்த முறை வெற்றியாளர் யாருமில்லை என்று அறிவித்து, 100,000 யூரோ பரிசைப் புற்றுநோய்க்கு எதிரான பணிக்குக் கொடுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் சக மனிதனிடம் பொய் சொல்வது ஆட்டம். பிரான்சில் ஒரு பிடி சோறு திருட்டு. இரண்டிலும் எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால், பட்டினிக் கணக்கில் ஏமாற்றாத வரை ஹாட்சின் பக்கம்தான் நிற்பேன். அவர் யாரிடமும் தான் சாது என்று நடிக்கவில்லை.

நம் தமிழ்த் தொடருக்கு இரண்டு நாள் முன்னதாகத்தான் இந்தப் பிரெஞ்சு முடிவு என்று சொல்லத் தோன்றினாலும், தேதி அப்படியல்ல; நம்முடையது டிசம்பர் 12-ஆம் தேதியே முடிந்துவிட்டது. ஒரு கோடி ரூபாயை நடிகை விஜயலட்சுமி வாங்கினார். அங்கேயும் பரிசை முடிவு செய்தது வெளியேற்றப்பட்டவர்களின் ஓட்டுதான்.

ரூடி 2004-இல் பழைய வீரர்களின் தொடர் ஒன்றுக்குத் திரும்பப் போனார். வயது 75-ஐத் தாண்டிவிட்டது. ஹாட்சும் வந்திருந்தார், ஆனால் இந்த முறை இருவரும் வேறு வேறு கூட்டம். ரூடி இரண்டாவது ஆளாக வெளியே வந்தார். அதன் பிறகு 15 வருடம் இருந்து, 2019 நவம்பரில் தமது 91-ஆவது வயதில் காலமானார்.