ஷீவும் சீமையும்: மும்பை விமான நிலையத்திலிருந்து அணுசக்தி நகர் வரை

மும்பை விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்தில் இறங்கும் வெளியூர்க்காரர் ஒருவர் ஆட்டோக்காரரிடம் 'அணுசக்தி நகர்' என்று சொன்னால் வண்டி கிளம்பும். செம்பூர், காட்கோபர் என்றாலும் கிளம்பும். மாட்டுங்கா என்றோ வி.டி. என்றோ சொன்னால் ஓட்டுநர் டாக்சி வரிசையைக் கைகாட்டிவிடுவார். தொலைவு இதற்குக் காரணமன்று. விமான நிலையத்திலிருந்து வடக்கே தகிசர் வரைக்கும் ஆட்டோ போகும். மேற்கே பாந்திராவுக்கும் மாகிமுக்கும் இடையிலும் கிழக்கே சயானிலும் ஆட்டோக்களுக்கு எல்லை இடப்பட்டுள்ளது. அதற்குத் தெற்கே அவை ஓட அனுமதி இல்லை. நகரத்தின் மையம் எங்கே தொடங்குகிறது என்று கேட்கும் பயணிக்கு மும்பை தரும் முதல் விடை இந்தக் கோடுதான். கோட்டின் வயது ஆட்டோவின் வயதைவிட மிக அதிகம்.

1661ஆம் ஆண்டுத் திருமண உடன்படிக்கையால் பம்பாய்த் தீவுகள் போர்த்துகீசியரிடமிருந்து ஆங்கிலேய அரசருக்கும், 1668இல் அவரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் கைமாறின. வடக்கே இருந்த சால்செட் தீவு போர்த்துகீசியரிடமே நீடித்தது; 1739இல் அது மராத்தியர் வசமாயிற்று. ஆளுநர் ஜெரால்டு ஆஞ்சியரின் காலத்தில் கம்பெனி தன் வடகிழக்கு எல்லையைக் காக்கக் குன்றொன்றின் மேல் சிறு கோட்டை கட்டியது. அதுவே சயான் கோட்டை. சால்செட்டும் ஆங்கிலேயர் கைக்கு வந்த பின்னர், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆளுநர் ஜானதன் டங்கன் சயானையும் குர்லாவையும் இணைத்துக் கழிமுகத்தின் குறுக்கே சாலை மேடிட்டார். மாகிமையும் பாந்திராவையும் இணைக்கும் சாலை 1845இல் முடிந்தது. ஜம்சேட்ஜி ஜீஜீபாய் குடும்பத்துப் பெண்மணி அளித்த கொடையால் அது எழுந்தது. இன்று ஆட்டோ நிற்கும் இரு முனைகளும் இந்த இரு சாலைகளை ஒட்டியவையே.

சயான் என்ற பெயரிலேயே இவ்வரலாறு ஒட்டியிருக்கிறது. மராத்தியில் அவ்வூர் 'ஷீவ்' எனப்படும். ரயில் நிலையப் பலகையிலும் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கும். ஷீவ் என்றால் எல்லை. வடமொழிச் 'சீமா'வின் மகரம் மராத்தியில் வகரமாகத் திரிந்து இச்சொல் உருவாயிற்று. கிராமம் 'காவ்' ஆனதும் நாமம் 'நாவ்' ஆனதும் இதே திரிபுதான். விவிலியத்தின் சீயோன் மலையிலிருந்து இப்பெயர் வந்ததாகச் சொல்லப்படும் விளக்கமும் உண்டு. ஆங்கில எழுத்துக்கூட்டலைக் கண்டு அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் இரு அரசுகளின் நடுவே நின்ற ஓர் ஊருக்கு எல்லை என்ற பெயர் வாய்க்க மலையைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை.

அதே சீமா தமிழுக்கும் வந்தது. இங்கே அது சீமை ஆயிற்று. பொருள் வேறு வழியில் நடந்தது. எல்லையைச் சுட்டிய சொல், எல்லைக்குள் அடங்கிய நாட்டைச் சுட்டத் தொடங்கியது. சிவகங்கைச் சீமை என்பது அந்தப் பொருளில். பிறகு கடலுக்கு அப்பால் உள்ள நாட்டுக்கு, குறிப்பாக இங்கிலாந்துக்கு, அதுவே பெயராயிற்று. சீமையெண்ணெய், சீமைக்கருவேலம் ஆகியவை அந்தப் பொருளின் மிச்சங்கள். (பெண்ணின் தலைவகிட்டைக் குறித்த சீமந்தமும் இக்குடும்பத்துச் சொல்லே.) விளிம்பு, உள்நாடு, வெளிநாடு ஆகிய மூன்றையும் ஒரே சொல் குறித்து வந்திருக்கிறது. மும்பைத் தமிழரின் குடியிருப்பு வரலாற்றைப் படிப்பவர் இந்தப் பொருள்மாற்றத்தை மனத்தில் வைத்துக்கொள்வது பயனுடையது.

விமான நிலையத்தின் கதையும் இந்த எல்லைக்கு வெளியேதான் தொடங்குகிறது. 1928இல் ஜூஹுவில் விமானத் தளம் அமைந்தது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து அஞ்சல் பைகளுடன் சிறு விமானத்தில் அங்கே வந்திறங்கினார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அஞ்சலைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு சென்றார். ஆகவே இந்தியாவின் முதல் ஒழுங்கான உள்நாட்டு விமானச் சேவையின் கடைசி நிறுத்தம் சென்னை. மழைக்காலத்தில் ஜூஹுத் தளம் சேறாகிவிடும் என்பதால் அம்மாதங்களில் சேவை புனேக்கு மாறியது. போர்க்காலத்தில் பிரித்தானிய வான்படை பயன்படுத்திய சாந்தாகுரூஸ் தளத்துக்குப் பயணிகள் விமானங்கள் 1948இல் இடம்பெயர்ந்தன.

அந்த 1948இல் சாந்தாகுரூஸ் பம்பாய் மாநகராட்சிக்குள் இல்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மாநகராட்சி எல்லை மாகிம், சயான் கோட்டோடு நின்றிருந்தது. அதற்கு வடக்கே 1920இல் உருவான புறநகர் மாவட்டம். 1950இல்தான் எல்லை ஜோகேசுவரி, பாண்டுப் வரையும், 1957இல் தகிசர், முலுண்ட் வரையும் நீட்டப்பட்டது. நகரத்துக்கு வெளியே இறங்கிய பயணியை நகரத்துக்குள் கொண்டு சேர்ப்பதே சாலையின் வேலை என்று கருதப்பட்டது. நகரம் என்பது தெற்கே ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவில் இருந்த கோட்டைப் பகுதி. மேற்கு விரைவுச் சாலை, மாகிம், தாதர், கோட்டை என்று வடக்குத் தெற்காக ஒரே கோடு. கிழக்கே போக வேண்டிய பயணி யாருடைய கணக்கிலும் இல்லை.

பேச்சு வழக்கு இந்த மனப்படத்தை இன்றும் காத்து வருகிறது. புறநகரில் பிறந்து வளர்ந்தவர்கள், மும்பைத் தமிழர் உட்பட, தென்மும்பைக்குப் போவதை 'டவுனுக்குப் போறேன்' என்றே சொல்கிறார்கள். தாராவியில் வாழும் திருநெல்வேலிக் குடும்பங்களுக்கு இது புதிய பழக்கமன்று. அவர்களுடைய ஊரிலும் ஜங்ஷன் வேறு, பாளையங்கோட்டை வேறு, கோயிலைச் சுற்றியுள்ள டவுன் வேறு. பேருந்தும் ரயிலும் எங்கே நின்றாலும் டவுன் தன் இடத்தை விட்டு நகர்வதில்லை. விமான நிலையத்தின் பெயர்களும் அப்படியே. நகரம் 1995இல் மும்பை ஆயிற்று. பயணச்சீட்டில் இன்னும் பி.ஓ.எம். நிலையத்துக்குச் சத்ரபதி சிவாஜியின் பெயர் 1999இல் வந்தது. ஓட்டுநர்கள் 'டொமஸ்டிக்கா, இன்டர்நேஷனலா' என்றுதான் கேட்கிறார்கள். உள்நாட்டு விமானங்கள் பலவும் இன்று 'இன்டர்நேஷனல்' முனையத்திலேயே இறங்குகின்றன என்பதை அறியாத பயணி அந்தக் கேள்வியில் தடுமாறுவதுண்டு.

தமிழருக்கு நெடுங்காலம் இந்த விமான நிலையம் வாசலாக இருந்ததில்லை. அவர்களின் வாசல் தாதர் ரயில் நிலையம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தோல் பதனிடும் தொழிலைச் சார்ந்து திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்தவர்கள் தாராவியில் குடியேறினர். நாற்றமும் கழிவும் உள்ள தொழில்கள் நகரின் விளிம்புக்குத் தள்ளப்பட்ட காலம் அது. தாராவி சயான் எல்லையை ஒட்டிக் கிடந்த சதுப்பு நிலம். எழுத்தர் வேலைக்கு வந்தவர்கள், கொள்ளைநோய்க்குப் பின் 1898இல் அமைந்த நகர மேம்பாட்டு அறக்கட்டளை வகுத்த தாதர், மாட்டுங்கா மனைகளில் குடியேறினர். அங்கே 1932இல் தென்னிந்தியக் கல்விக் கழகம் தோன்றியது. ஒரே மொழி பேசிய இரு கூட்டத்தாரையும் சாதியும் தொழிலும் ரயில் பாதையின் இரு பக்கங்களில் வைத்தன. இருவருமே எல்லையின் உட்புறத்தில், அதன் ஓரத்தில் இருந்தார்கள் என்பது மட்டும் பொது. ஊரிலிருந்து வருவோருக்கு நகர மையம் கோட்டையாக இருந்ததே இல்லை. உறவினர் வீடு எங்கோ அங்கேதான் மையம். 2003இல் ஏர் டெக்கானின் மலிவுக் கட்டணச் சேவை தொடங்கிய பிறகே சாதாரணக் குடும்பங்கள் விமானத்தில் வந்திறங்குவது பரவலாயிற்று.

இதற்கு விலக்காக ஓர் இடம் உண்டு. டிராம்பேயில் 1954 ஜனவரியில் அணுசக்தி நிறுவனம் அமைந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 3இல் அணுசக்தித் துறை உருவானது. துறைச் செயலர் ஹோமி பாபா பம்பாயிலேயே இருந்தார். துறையின் தலைமையகமும் தில்லிக்குப் போகாமல் இங்கேயே நின்றது. ஆகவே கோப்புகளும் அதிகாரிகளும் அறிவியலாளரும் வானில் பறந்தாக வேண்டிய ஒரே துறை என்று அதை வேடிக்கையாகச் சொல்லலாம். 1956 ஆகஸ்டில் அப்சரா உலை இயங்கியது. 1957 ஜனவரி 20இல் நேரு நிறுவனத்தை முறைப்படி திறந்து வைத்தார். கனடாவின் துணையோடு கட்டிய சைரஸ் உலை 1960இல் இயங்கத் தொடங்கியது. வெளிநாட்டு வல்லுநர்கள் சாந்தாகுரூஸில் இறங்கிக் கோட்டைக்குப் போகாமல் கிழக்கே திரும்ப வேண்டியிருந்தது. 1966 ஜனவரி 24இல் பம்பாயில் புறப்பட்ட ஏர் இந்தியாவின் 'காஞ்சன்ஜங்கா' விமானம் மோன் பிளாங்க் மலையில் மோதியது. வியன்னாக் கூட்டத்துக்குச் சென்றுகொண்டிருந்த பாபாவும் இறந்த 117 பேரில் ஒருவர். மறு ஆண்டு நிறுவனத்துக்கு அவர் பெயர் இடப்பட்டது.

நிறுவன ஊழியருக்காக எழுந்த குடியிருப்பே அணுசக்தி நகர். சென்னையில் பிறந்து 1990இல் பாபா மையத்தின் இயக்குநரான ஆர். சிதம்பரம் போன்றோர் வழியாகவும், 1983இல் முதல் மின் உலை இயங்கத் தொடங்கிய கல்பாக்கத்தோடு உள்ள பணித் தொடர்பாலும் இங்கே தமிழ் கேட்பது இயல்பாயிற்று. ஆனால் விமான நிலையத்திலிருந்து இங்கு வருவது எளிதாக இருக்கவில்லை. மேற்கு, மத்திய, துறைமுக ரயில் பாதைகள் மூன்றும் வடக்குத் தெற்காக ஓடுபவை. கிழக்கே போகிறவர் மித்தி ஆற்றையும் கடந்து குர்லாவின் நெரிசலில் பாலம் பாலமாக ஏறி இறங்க வேண்டும். கோட்டையைவிடத் தொலைவு குறைவு. ஆயினும் வழி சுற்று. அணுசக்தி நகரின் முன்னே செல்லும் பழைய சாலைக்குக்கூட சயான்–டிராம்பே சாலை என்றே பெயர். எல்லையில் தொடங்கிக் கிழக்கே வருவது போலத்தான் அது எண்ணப்பட்டிருக்கிறது.

மாற்றம் 2014இல் ஒரே அடியாக வந்தது. பிப்ரவரியில் இரண்டாம் முனையமும் அதற்கான மேம்பாலச் சாலையும், ஏப்ரலில் சாந்தாகுரூஸ்–செம்பூர் இணைப்புச் சாலையும், ஜூனில் வெர்சோவா–காட்கோபர் மெட்ரோவும், கோட்டை முனையிலிருந்து டிராம்பே குன்றைச் சுரங்கமாகக் குடைந்து வரும் கிழக்குத் தடையிலாச் சாலையின் இரண்டாம் பகுதியும் திறக்கப்பட்டன. இணைப்புச் சாலையின் நீளம் 6.45 கி.மீ. மட்டுமே, பணி பத்தாண்டுக்கு மேல் இழுத்தது. பாதையில் இருந்த குர்லா வணிகர்களும் குடியிருந்தோரும் 2004இல் உலக வங்கியின் ஆய்வுக் குழுவிடம் முறையிட்டனர். 2006இல் வங்கி சில மாதங்கள் நிதியை நிறுத்தி வைத்தது. அத்திட்டத்தில் இடமிழந்த குடும்பங்களுக்கான அடுக்கு வீடுகள் மான்கூர்டின் லல்லுபாய் காம்பவுண்டிலும் செம்பூரை அடுத்த வாசி நாக்காவிலும் எழுந்தன. இரண்டும் அணுசக்தி நகரின் அண்டை. விமான நிலையத்தைக் கிழக்கோடு சேர்த்த சாலைக்கும் பிற பணிகளுக்கும் வீடு கொடுத்தவர்கள், அந்தச் சாலை சென்று சேரும் திசையிலேயே ஏழு மாடிக் கட்டடங்களில் நெருக்கமாக வாழ்கிறார்கள். அவர்களில் விமானம் ஏறியவர் எத்தனை பேர் இருப்பார்கள் என்ற கேள்வியை எந்தத் திட்ட அறிக்கையும் கேட்டதில்லை.

2024 அக்டோபரில் ஆரே–பாந்திரா குர்லா வளாகம் இடையே தொடங்கிய மூன்றாம் மெட்ரோ, விமான நிலைய முனையங்கள் இரண்டையும் தொட்டு நிலத்தடியில் செல்கிறது. 2025 மே மாதம் நீட்டப்பட்டபோது அதில் தாராவி நிலையமும் சேர்ந்தது. அக்டோபரில் கஃப் பரேடு வரை முழுப் பாதையும், 33.5 கி.மீ., திறந்தாயிற்று. பயணி இப்போது எல்லையைக் கடப்பதே தெரியாமல் கோட்டைக்குப் போய்விடலாம். அதே 2025 அக்டோபர் 8இல் நவி மும்பை விமான நிலையமும் திறந்து வைக்கப்பட்டு, டிசம்பர் 25 முதல் பயணிகள் விமானங்கள் இயங்குகின்றன. அங்கிருந்து கோட்டைக்கு விரைய விரும்புவோருக்கு 2024 ஜனவரியிலேயே கடலின் மேல் அடல் சேது ஆயத்தமாகிவிட்டது. டவுனுக்கான வழி முந்திக்கொள்ளும் பழக்கம் மாறவில்லை. ஆனால் 1973 முதல் இருந்துவரும் வாசிப் பாலத்தின் தடத்தில் வருபவருக்குக் கழிமுகத்தைக் கடந்ததும் மும்பையின் முதல் ஊர் மான்கூர்டு, அதை அடுத்து அணுசக்தி நகர். அங்கிருந்து மேற்கே ஆட்டோ கிடைக்கும், சயான் வரை.