மழை பொய்த்த ஆண்டுகளில் பிள்ளைகள்: ரெட்டியார்சத்திர வட்டாரத்தை முன்வைத்து

பேரிடருக்குப் பின் குழந்தைகளின் மனநலம் பற்றித் தமிழ்ச் சூழலில் நடந்த பேச்சு பெரும்பாலும் கடற்கரையைச் சார்ந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக அங்கே அன்னை சத்யா அரசுக் காப்பகம் எழுந்தது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் உள்ளூர்த் தொண்டர்களுக்கு உளவியல் ஆதரவுப் பயிற்சி தந்தது. 2009இல் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் இப்பொருளில் தனி வழிகாட்டு நெறிகளையே வெளியிட்டது. இந்த அணுகுமுறை முழுவதற்கும் பின்னால் ஒரு கடிகாரம் ஓடுகிறது. பேரிடர் எந்த நாள், எந்த மணிக்கு வந்தது என்று தெரியும். அதிலிருந்து முதல் வாரம், முதல் மூன்று மாதம், முதல் ஆண்டு என்று பணிகள் வகுக்கப்படுகின்றன. தேதியே இல்லாத பேரிடருக்கு இது எவ்வளவு தூரம் உதவும் என்பதே என் கேள்வி.

திண்டுக்கல்லிலிருந்து பழனி போகும் சாலையில் இருக்கிறது ரெட்டியார்சத்திரம். கன்னிவாடி, தருமத்துப்பட்டி, கொத்தப்புள்ளி, பலக்கனூத்து என மலையடிவாரத்துக்கும் சமவெளிக்கும் இடையே பரந்த ஒன்றியம். மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம், முருங்கை, தக்காளி என்று கிணற்றையும் வானத்தையும் மாறிமாறி நம்பும் வேளாண்மை. கஜா புயல் இம்மாவட்டத்தைத் தொடாமல் போகவில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறி, வலுவிழந்து, திண்டுக்கல் வழியாகத்தான் கேரளம் சென்றது. கொடைக்கானலில் மரங்கள் சாய்ந்தன. என்றாலும் இந்தச் சமவெளி பேரிடர் என்று அறிந்தது காற்றை அல்ல, மழை வராமல் போவதை.

2016 வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரி 10 அன்று எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. நெல்லுக்கும் பிற பாசனப் பயிர்களுக்கும் ஏக்கருக்கு 5,465 ரூபாய், மானாவாரிப் பயிருக்கு 3,000 ரூபாய் என நிவாரணம் கணக்கிடப்பட்டது. ஏக்கரை அளக்க இப்படி ஒரு முறை இருந்தது. அந்த ஏக்கரை நம்பியிருந்த வீட்டில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை என்ன ஆனது என்று கேட்க முறை எதுவும் இல்லை. இதே ரெட்டியார்சத்திரத்தில்தான் இந்திய-இஸ்ரேல் கூட்டுத் திட்டத்தின் காய்கறி மகத்துவ மையம் இருக்கிறது. குறைந்த நீரில் செடியை எப்படிக் காப்பாற்றுவது என்று சொல்லித்தர நம்மிடம் ஏற்பாடு உண்டு.

வறட்சியைப் பிள்ளை எப்படிப் பார்க்கிறது? இந்தப் பக்கத்தில் அது பெரும்பாலும் ஒரு ராத்திரியில் கண்ணுக்கு முன் வந்து நிற்கும். கிணறு வற்றிய பிறகு, உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்கிறவர் காட்டிய இடத்தில் போர் வண்டி வந்து நிற்கிறது. ஒரு ராடு முடிந்து அடுத்த ராடு மாட்டும்போதெல்லாம் அப்பாவும் சித்தப்பாவும் அடிக் கணக்கைச் சொல்லிக்கொள்கிறார்கள். அடிக்கு இவ்வளவு என்று கூலி. வெள்ளைப் பாறைத் தூள் புகையாய் எழுந்து ஓட்டின் மேலும் மாட்டுத் தொட்டியின் மேலும் படிகிறது. எழுநூறு, எண்ணூறு அடி தாண்டியும் தூள் ஈரமாகவில்லை. வண்டி கிளம்பிப் போன பின் வீட்டில் யாரும் பேசுவதில்லை. அடுத்த வாரம் அம்மாவின் தோடு அடகுக்கடைக்குப் போகிறது. அதற்கடுத்து, பிள்ளை பேர் வைத்துக் கூப்பிட்ட கிடேரி வந்த விலைக்குச் சந்தையில் கைமாறுகிறது. “மாடு எங்கப்பா போச்சு?” என்ற கேள்விக்கு வரும் பதில், “சின்னப் புள்ளைக்கு எதுக்கு அதெல்லாம், போய்ப் படி.”

அந்த இரவில் யாரும் சாகவில்லை, வீடும் இடியவில்லை. நோயறியும் கையேடுகள் கேட்கும் ‘உயிருக்கு அச்சுறுத்தல்’ என்ற நிபந்தனைக்குள் இது வராது. ஆயினும் பிள்ளையின் உலகத்தில் இரண்டு தூண்கள் ஆடிவிட்டன: அப்பாவால் எதையும் சமாளிக்க முடியும் என்ற நம்பிக்கையும், கேட்டால் வீட்டில் பதில் சொல்வார்கள் என்ற நம்பிக்கையும்.

இதைப் புரிந்துகொள்ள அதிர்ச்சி பற்றிய ஆய்வுகளைவிடக் குடும்ப வறுமை பற்றிய ஆய்வுகளே உதவுகின்றன. 1930களின் அமெரிக்கப் பெருமந்தத்தில் வளர்ந்த, 1920-21இல் பிறந்த ஓக்லாந்துப் பிள்ளைகளை ஆராய்ந்து கிளென் எல்டர் 1974இல் ஒரு நூல் எழுதினார். வருமானம் சரிந்ததன் தீங்கு பெரும்பாலும் தகப்பனின் எரிச்சல், தாய்தந்தை சச்சரவு, காரணமற்ற கண்டிப்பு என்ற வழியாகவே பிள்ளைகளைச் சேர்ந்தது என்பது அந்த ஆய்வுத் தொடரின் முக்கியமான முடிவு. 1980களின் பண்ணைக் கடன் நெருக்கடிக்குப் பின் அயோவா மாநிலக் கிராமங்களில் 451 குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்து ராண்ட் காங்கரும் எல்டரும் இதே பாதையை உறுதிசெய்தனர். அதற்கு முன்பே, குண்டுவீச்சுக்கிடையே லண்டனில் குழந்தைகள் காப்பகங்களை நடத்திய அன்னா ஃபிராய்டும் டாரதி பர்லிங்ஹாமும் இதற்கு நெருங்கிய ஒன்றைக் கண்டிருந்தார்கள்: தாயின் அருகில் இருந்த குழந்தை குண்டுச் சத்தத்தைத் தாங்கியது, பாதுகாப்புக்காகத் தாயைப் பிரித்து அனுப்பப்பட்ட குழந்தை அதிகம் வாடியது. சாட்சியங்கள் வேறு வேறு நாட்டவை, வேறு வேறு துயரத்தவை. பேரிடர் பிள்ளையை எட்டும்போது பெரியவர்களின் முகம் வழியாகவே எட்டுகிறது என்பதில் அவை ஒன்றுபடுகின்றன. ஆகவே வறட்சிக் காலத்தில் பிள்ளையின் மனத்துக்கான முதல் வைத்தியம் தகப்பனின் கடன் நெருக்கடியைத் தளர்த்துவதுதான். இது மனநலத் துறைக்கு வெளியே உள்ள வேலை என்று சிலர் சொல்வார்கள். துறைகளின் எல்லை பிள்ளைக்குத் தெரியாது.

“கரிசல்காட்டுப் பிள்ளைகளும் கல்லாங்காட்டுப் பிள்ளைகளும் எத்தனை வறட்சி பார்த்தவர்கள், தாங்கிக்கொள்வார்கள்” என்ற மறுப்பு ஊரிலும் உண்டு, படித்தவர்களிடமும் உண்டு. அதில் பாதி உண்மை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கிராமப்புற வளரிளம் பருவத்தினரை ஆராய்ந்த டீன், ஸ்டெய்ன் இருவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வு மற்ற பாதியைச் சொல்கிறது. வறட்சி நீண்டபோது பிள்ளைகளின் மனத்துயரம், அதற்குச் சில ஆண்டுகள் முன் அதே வகை ஆய்வில் பதிவானதைவிடக் கூடியிருந்தது. முதல் ஆண்டில் தாங்கியவர்களை வைத்து நான்காம் ஆண்டைக் கணிக்க முடியாது. புயலின் பாதிப்பு நாள்போகப் போகக் குறையும் என்று எதிர்பார்க்கிறோம். வறட்சியில் கோடு எதிர்த்திசையில் ஏறக்கூடும்.

சிகிச்சை வேண்டாம் என்பதல்ல என் வாதம். ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையின் வடகிழக்கில் போரையும் அலையையும் சேர்த்துக் கண்ட 31 பிள்ளைகளுக்குக் காதானியும் குழுவினரும் ஆறு அமர்வுகள் நடத்தினார்கள். ஒரு பிரிவு நடந்ததைக் கோவையாகச் சொல்லும் முறை, மற்றது தியானமும் தளர்வுப் பயிற்சியும். ஆறு மாதம் கழித்து முதல் பிரிவில் 81 விழுக்காட்டினரும் இரண்டாவதில் 71 விழுக்காட்டினரும் நோய் வரம்பிலிருந்து மீண்டிருந்தனர். நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் எண்ணிக்கை சிறியது; சிகிச்சையே பெறாத ஒப்பீட்டுக் குழு இல்லை; காலமே ஆற்றியதா என்ற ஐயம் நிற்கிறது. நம் பொருளுக்கு இன்னொன்று முக்கியம். அங்கே சொல்லி முடிக்க ஒரு கதை இருந்தது, அலை வந்து போயிருந்தது. வட்டி ஓடிக்கொண்டிருக்கும் வீட்டுப் பிள்ளையை உட்காரவைத்து நடந்ததைச் சொல் என்றால், கதை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. தகப்பன் தன் உயிரை மாய்த்துக்கொண்ட வீடுகளில் நிலைமை வேறு. 2017 ஜனவரியில் உழவர் சாவுகள் குறித்துத் தேசிய மனித உரிமை ஆணையம் தமிழக அரசுக்கு நோட்டீஸ் அனுப்பும் அளவுக்கு அன்று நிலை இருந்தது. அத்தகைய வீட்டுப் பிள்ளைக்கு மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் உடனே வேண்டும்; அதில் தாமதத்துக்கு நியாயமே இல்லை.

மற்றப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம்தான் முதல் இடம். 1982இல் ஊர்ப்புறங்களுக்கு வந்த சத்துணவும், 2022 செப்டம்பர் 15இல் தொடங்கி அடுத்த ஆண்டு எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த காலை உணவும் ஊட்டத் திட்டங்களாகவே பேசப்படுகின்றன. வறட்சி ஆண்டில் அவை வேறொன்றையும் செய்கின்றன: நாளின் இரண்டு வேளைகளை வீட்டின் கவலையிலிருந்து விடுவிக்கின்றன. அப்படியானால் மே மாதம்? வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004லேயே உத்தரவிட்டது. வறட்சி அறிவிப்போடு இது தானாக நடைமுறைக்கு வர வேண்டுமே தவிர, யாரோ நினைவூட்டிப் பெறுவதாக இருக்கக் கூடாது.

எல்டரின் நூலில் ஒரு செய்தியைத் தவறாகப் படிக்க வாய்ப்புண்டு. நெருக்கடியில் வீட்டுக்குக் கைகொடுத்த மூத்த பிள்ளைகள் பலர் பொறுப்போடு வளர்ந்தார்கள் என்கிறார். ஆடு மேய்ப்பது, தம்பியைப் பார்ப்பது, பூ எடுப்பது போன்ற வேலை “நானும் வீட்டுக்கு ஆகிறேன்” என்ற தெம்பைத் தரும் என்பதை இங்கும் காணலாம். ஆனால் திண்டுக்கல், வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகள் ஊருக்குள் வேன் அனுப்பி ஆள் எடுக்கும் சூழலில், கைகொடுப்பதற்கும் படிப்பு அறுவதற்கும் இடையே ஒரு வறட்சிதான் தூரம். ஒன்பதாம் வகுப்புப் பெண்பிள்ளை இரண்டு வாரம் வராவிட்டால் ஆசிரியர் அதை விடுப்புக் கணக்காகப் பார்க்கிறார். அதை மனநலச் செய்தியாகப் பார்க்கப் பழக்குவது, ஒரு நாள் ஆலோசனை முகாமைவிடப் பயன்தரும்.

வீட்டுக்குள் செய்ய வேண்டியது உண்மையைச் சொல்வது. கிடேரியை விற்றுவிட்டோம், கடன் இருக்கிறது, நீ செய்த தப்பு ஒன்றுமில்லை, பள்ளிக்கூடம் நிற்காது: இந்த நான்கு வாக்கியம் போதும். பெரியவர்கள் மறைத்ததைப் பிள்ளை தன் கற்பனையால் நிரப்பிக்கொள்ளும். கற்பனை எப்போதும் கடனைவிடப் பெரிதாக இருக்கும். கடைசி வாக்கியத்தை மட்டும் தகப்பன் ஒருவரால் உறுதி சொல்ல முடியாது. அதற்கு அரசு துணைநிற்க வேண்டும்.

நடைமுறைக்கு ஒரு வழி இருக்கிறது. பயிர் இழப்பு கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் பதிவாகிறது. பிள்ளையின் வருகை கல்வித் துறையின் ‘எமிஸ்’ தளத்தில் பதிவாகிறது. வறட்சி அறிவிப்பு வந்த ஒன்றியத்தில் இரண்டையும் ஊர்வாரியாகப் பொருத்தினால் எந்த வீட்டுக்கு முதலில் போக வேண்டும் என்பது தெரியும். இதில் ஓட்டையும் உண்டு. பட்டா இல்லாதவர்கள், வாரத்துக்கு உழுகிறவர்கள், கூலிக்குப் போகிறவர்கள் அடங்கலில் வரமாட்டார்கள். பயிர் இல்லாதபோது முதலில் திருப்பூருக்கு மூட்டை கட்டுகிறவர்களும் அவர்கள்தான். அவர்கள் பெயர் நூறுநாள் வேலை அட்டையிலும் பள்ளிப் பதிவேட்டிலும் மட்டுமே இருக்கிறது. ஆகவே பொருத்தும் வேலையை அடங்கலிலிருந்து தொடங்காமல் அந்த இரண்டிலிருந்தும் தொடங்க வேண்டும். அதுவும் அரைப் பரீட்சை விடுமுறைக்கு முன்பே, பொங்கலுக்குப் பிறகு வகுப்பில் எந்த இருக்கைகள் காலியாகும் என்பது தெரியவரும் முன்பே.