எதிர்முழக்க அறை

எதிர்முழக்க அறை என்பது மின்னணுக் கருவிகளின் மின்காந்த இணக்கத்தை, அதாவது அவை ஒன்றையொன்று குலைக்காமல் இயங்குகின்றனவா என்பதை, சோதிக்கும் உலோக அறை. சுவர், தரை, கூரை, கதவு அத்தனையும் அலையைத் திருப்பியடிக்கும் தகடுகளே. உள்ளே ஆன்டெனாவும், மெல்லச் சுழலும் பெரிய உலோகக் கலக்கியும் இருக்கும்.

மூடிய உலோகப் பெட்டிக்குள் அலைகள் ஒன்றோடொன்று மோதி, சில இடங்களில் புலம் உச்சத்திலும் சில இடங்களில் சுழியிலும் நிற்கும். மைக்ரோவேவ் அடுப்பில் தட்டு சுழலாவிட்டால் சோறு திட்டுத் திட்டாகச் சூடாவது இதனால்தான். கலக்கி ஒவ்வொரு முறை நகரும்போதும் இந்த உச்சங்கள் இடம் மாறுகின்றன. ஒரு முழுச் சுற்றில் கருவியை எல்லாத் திசையிலிருந்தும் அலை தாக்கிவிடும். எந்த ஒரு கணத்திலும் புலம் சீராக இருக்காது, சராசரிதான் சீர். டேவிட் ஹில் 1998இல் இதற்கான புள்ளியியல் விளக்கத்தை வகுத்தார். இந்த முறையை 1968இலேயே முன்மொழிந்தவர் எச். ஏ. மென்டெஸ்.

இதற்கு நேரெதிர், அலையை உறிஞ்சிவிடும் எதிரொலியற்ற அறை. அதன் சுவரில் பதிக்கும் ஃபெரைட் ஓடு, இரும்பு ஆக்சைடு கலந்து சுட்ட பீங்கான் வகை. தமிழ்நாட்டில் தரமணியிலுள்ள ‘சமீர்’ மின்காந்தவியல் மையமும், ஒரகடத்து வாகன ஆராய்ச்சி மையமும் மின்காந்த இணக்கச் சோதனைக்குப் பெயர்பெற்றவை.

எதிர்முழக்க அறையில் ஆற்றல் வீணாகாமல் சுற்றிச்சுற்றி வருவதால், சிறிய பெருக்கியைக் கொண்டே வலுவான புலத்தை எழுப்பலாம். ரேடார் கற்றையைத் தாங்கவேண்டிய விமானக் கருவிகளுக்கு இது பெரிய வசதி. டிஓ-160 விதிமுறை இதை ஏற்கிறது. இந்த அறைச் சோதனைக்கான ஐஇசி 61000-4-21 தரநிலை 2003இல் வெளிவந்து 2011இல் திருத்தப்பட்டது. சோதனைப் பகுதியின் எட்டு மூலைகளிலும் புலத்தை அளந்து, 400 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் திட்டவிலக்கம் 3 டெசிபெலுக்குள் அடங்குகிறதா என்று பார்ப்பார்கள்.

குறைகளும் உண்டு. கதிர்வீச்சு எந்தத் திசையில் கசிகிறது என்பதை இந்த அறை சொல்லாது. மொத்தத் திறனைத்தான் தரும். குறுந்துடிப்புகளும் இங்கே இழுபட்டு உருக்குலையும். அறை சிறுத்தால் தாழ்ந்த அதிர்வெண்களுக்கு உதவாது: 5×4×3 மீட்டர் அறையில் முதல் ஒத்ததிர்வு ஏறத்தாழ 48 மெகாஹெர்ட்ஸில் வந்தாலும், புலம் சீராகத் தேவையான சுமார் 60 அலைப்பாங்குகள் (அறைக்குள் அலை நிலைகொள்ளும் வடிவங்கள்) சேர ஏறக்குறைய 150 மெகாஹெர்ட்ஸ் ஆகிவிடும். அதற்குக் கீழே எவ்வளவு கலக்கினாலும் புலம் சீராகாது.