மூலப் பொதி பிறந்த கதை

லினக்ஸில் நாம் பெரும்பாலும் நிறுவுவது வேறொருவர் கம்பைல் செய்து கொடுத்த இருமப் பொதிகளைத்தான். அவை எந்த மூலநிரலிலிருந்து வந்தன, இடையில் யார் எதைத் திருத்தினார்கள்? தொடக்ககால வெளியீடுகளில் இதற்குக் கணினியிடம் பதில் கிடையாது. கம்பைல் ஆன கோப்புகளை டார் மூட்டையாகக் கட்டிக் கொடுப்பார்கள். அவிழ்த்துக்கொள்ள வேண்டியது நம் பாடு.

1990-களின் முற்பகுதியில் போகஸ் என்ற சிறிய லினக்ஸ் வெளியீட்டை உருவாக்கிய ரிக் ஃபெயித், டக் ஹாஃப்மன், கெவின் மார்ட்டின் மூவரும் பிஎம்எஸ் என்ற கருவியில் ஒரு விதியை வைத்தார்கள். மென்பொருளை எழுதியவர் வெளியிட்ட மூலநிரலில் கை வைக்கக் கூடாது. திருத்தங்கள் எல்லாம் தனித்தனி பேட்ச் கோப்புகளாகப் பக்கத்திலேயே இருக்கவேண்டும். எளிய விதிதான், ஆனால் பலன் பெரிது. அசல் எது, நம் கைவேலை எது என்பது யாருக்கும் தெரியும். புதிய பதிப்பு வந்தால் பழைய பேட்ச் இன்னும் பொருந்துகிறதா என்று உடனே பார்த்துவிடலாம்.

அதே காலத்தில் ரெட் ஹேட் நிறுவனம் எழுதிய ஆர்பிபி நிறுவுவதில் கெட்டிக்காரக் கருவி. ஆனால் அது திருத்திய மூலநிரலையே வைத்துக்கொண்டது. கையில் இருக்கும் இருமம் அந்த மூலத்திலிருந்துதான் வந்தது என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. இந்த இரண்டு அனுபவங்களையும் சேர்த்து ரெட் ஹேட்டின் மார்க் யூயிங்கும் எரிக் ட்ரோனும் ஆர்பிஎம் என்ற கருவியை உருவாக்கினார்கள். முதலில் பெர்ல் மொழியில், பிறகு சி மொழியில். 1995-ல் ரெட் ஹேட் லினக்ஸ் 2.0 அதோடு வந்தது.

ஆர்பிஎம்-இன் உயிர் அதன் ஸ்பெக் கோப்பில் இருக்கிறது. அசல் மூலநிரல் எது, எந்த பேட்ச்சுகளை எந்த வரிசையில் போடவேண்டும், எப்படிக் கம்பைல் செய்யவேண்டும், விளையும் கோப்புகளை எந்தெந்தப் பொதிகளாகப் பிரிக்கவேண்டும் என்பதெல்லாம் அந்த ஒரே கோப்பில். ஒரே கட்டளையில், அசல் மூலநிரலும் பேட்ச்சுகளும் ஸ்பெக் கோப்பும் அடங்கிய மூலப் பொதியும், இருமப் பொதிகளும் சேர்ந்தே உருவாகும். ஒவ்வொரு இருமப் பொதியின் தலைப்பகுதியிலும் அதன் மூலப் பொதியின் பெயர் பதிவாகிவிடும். டெபியன் என்ற லினக்ஸ் வெளியீடும் அசல் டார் கோப்பு, அதன்மேல் தன் திருத்தங்கள் என்று இதே வழியில்தான் நடந்தது.

இந்த ஏற்பாட்டின் அருமை 2014 ஏப்ரலில் தெரிந்தது. ஓபன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நூலகத்தில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டபோது, திருத்திய பதிப்பு 1.0.1ஜி என்று அந்த நூலகத்தை எழுதியவர்கள் அறிவித்தார்கள். ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 6-இலோ பதிப்பு 1.0.1இ-யாகவே நின்றது. அதை மட்டும் பார்த்தவருக்கு ஓட்டை அடைபடவில்லை என்றே தோன்றும். உண்மையில் மூலப் பொதிக்குள் ஒரு பேட்ச் சேர்ந்திருந்தது. மாறியது பதிப்பு எண்ணை அடுத்து வரும் வெளியீட்டு எண்தான். நூலகம் இருந்த முதன்மைப் பொதியோடு, டெவலப்பர்களுக்கான ஹெட்டர் கோப்புகள் இருந்த பொதியும் அதே மூலத்திலிருந்து புதிதாக உருவாகி வந்தது. ஸ்பெக் கோப்பில் எழுதிய மாற்றக் குறிப்பு இருமப் பொதிக்குள்ளும் வந்துவிடும் என்பதால், மூலநிரலைத் திறக்காமலே, நிறுவிய பொதியின் மாற்றப் பட்டியலைக் கேட்டவர்கள் சிவிஇ-2014-0160 என்ற ஓட்டை எண்ணை அங்கே கண்டார்கள்.