மினசோட்டாவும் ஆர்.கே.பேட்டையும்: நடுவுல ஒரு 1991

இந்த வாரம் ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மி. அதனால ஒரு வரலாற்றுப் பதிவு. கொட்டாவி விடாம கடைசி வரைக்கும் படிங்க :-)

எங்க டீம்ல ஒரு அண்ணன் மினியாபோலிஸ்ல இருக்கார். பொண்ணுக்கு ஸ்கூல் தேடுறார். "வீட்டுப் பக்கத்துல கவர்மெண்ட் ஸ்கூல் ஒண்ணு, சார்ட்டர் ஸ்கூல் ஒண்ணு இருக்குப்பா. ரெண்டுலயும் ஃபீஸ் கிடையாது. காசு அரசாங்கத்தோடது, நடத்துறது மட்டும் வேற ஆளு. புது ஐடியால்ல?"ன்னார்.

"அண்ணே, நான் அஞ்சாவது வரைக்கும் அந்த மாதிரி ஒண்ணுலதான் படிச்சேன். எங்க ஊர்ல அதுக்குப் பேரு எய்டட் ஸ்கூல்"னேன். மனுசன் நம்பவே இல்ல.

கொசுவர்த்திய சுத்திக்கலாம். 1854ல் சார்லஸ் உட் அனுப்பின கல்வி அறிக்கையிலதான் இதுக்கு விதை. அரசே எல்லா ஊர்லயும் பள்ளி கட்ட முடியாது, அதனால நடத்துறவங்களுக்கு மானியம் கொடுப்போம்னு சொன்னது அது. சென்னை மாகாணத்துல இதை நல்லா பயன்படுத்திக்கிட்டவங்க மிஷன்காரங்க. இன்னொரு பக்கம் உள்ளாட்சி அமைப்புகள் நடத்தின போர்டு ஸ்கூல். எங்க பக்கத்துப் பெருசுங்க இன்னைக்கும் 'போர்டு ஸ்கூல்'னுதான் சொல்லும். 1888ல் திருத்தணியில பொறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் ஆரம்பப் படிப்பை உள்ளூர்ல படிச்சுட்டு, 1896ல் திருப்பதி லுத்தரன் மிஷன் பள்ளிக்குப் போனார். எங்க பகுதிப் பிள்ளைங்க ஒரு வகைப் பள்ளியிலேர்ந்து இன்னொரு வகைக்குத் தாவுறது அன்னைக்கே இருந்த பழக்கம்தான்.

நடுவுல மாநிலமே மாறுச்சு. 1960 ஏப்ரல் 1ல் திருத்தணி தாலுகா ஆந்திராவுலேர்ந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. தாத்தா ஸ்கூல்ல படிச்சது தெலுங்கு, அப்பா படிச்சது தமிழ். வீட்டுல தறிச் சத்தம் மட்டும் மாறல.

ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் 1981 ஜூன் 1லேர்ந்து அரசு ஊழியர் ஆனாங்க. உதவி பெறும் பள்ளிங்க 1973ல் வந்த தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டத்துக்குக் கீழ போச்சு.

சரி, ரெண்டுக்கும் என்னதான் வித்தியாசம்? பாடப்புத்தகம் ஒண்ணு, பரீட்சை ஒண்ணு, சத்துணவு ஒண்ணு. வாத்தியார் சம்பளமும் ஒரே கஜானாவுலேர்ந்துதான். ஆனா எய்டட் ஸ்கூல்ல கட்டடம் நிர்வாகத்தோட பொறுப்பு. வாத்தியாரை எடுக்கறதும் நிர்வாகம்தான், துறை ஒப்புதல் கொடுக்கும். இதுல நல்லதும் இருக்கு. டிரான்ஸ்பர் தொல்லை கம்மிங்கறதால எங்க அப்பாவுக்குப் பாடம் எடுத்த டீச்சரே எனக்கும் எடுத்தாங்க. கெட்டதும் இருக்கு. வேலைக்குப் பணம் வாங்கறாங்க, ஓடு மாத்தக்கூட காசு இல்லங்கறாங்கன்னு புகார் வரும். அரசுப் பள்ளியில கட்டடம் எழும்பும், ஆனா கவுன்சிலிங் முடிஞ்சா கணக்கு வாத்தியார் வேற ஊர்ல இருப்பார்.

அமெரிக்காவுல சார்ட்டர் பள்ளிக்குப் பிள்ளை கணக்குல பணம் வரும். கூடவே காலக்கெடு வெச்ச ஒப்பந்தம் ஒண்ணு உண்டு, சரியா நடத்தலன்னா மூடலாம். நம்ம மானியம் வாத்தியார் பணியிடத்தைப் பார்த்து வரும். ஆகஸ்ட் 1ல் எத்தனை பிள்ளைங்கன்னு எண்ணி, பணியிடத்தை முடிவு பண்ணுவாங்க. அதான் ஜூலையில டீச்சருங்க வீடு வீடா வந்து பிள்ளை பிடிக்கிறது :-)

இப்ப விஷயத்துக்கு வரேன். சார்ட்டர் பள்ளிக்கு அமெரிக்காவுலயே முதல்ல சட்டம் போட்டது மினசோட்டா. வருஷம் 1991. தமிழ்நாட்டுல 1991-92 கல்வியாண்டுலேர்ந்து தொடங்குற தனியார் பள்ளிகளுக்கு மானியம் இல்லன்னு ஆச்சு. அவங்க கதவைத் திறந்த வருஷம் நாம மூடிட்டோம். அப்புறம் பணம் உள்ளவன் மெட்ரிக் பக்கம் போனான். பழைய எய்டட் பள்ளிங்க அப்படியே நின்னுபோச்சு.

நின்னதோட போயிருந்தா பரவாயில்ல. 2020ல் மருத்துவத்துக்கும், 2021ல் பொறியியல் மாதிரி தொழிற்படிப்புக்கும், அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீத முன்னுரிமைச் சட்டம் வந்தது. ரொம்ப நல்ல சட்டம், சந்தேகமே இல்ல. ஆனா உதவி பெறும் பள்ளி அதுல சேராது.

எங்க சித்தப்பா பொண்ணு ஆறுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் பஸ் ஏறிப் போய் எய்டட் ஸ்கூல்ல படிச்சா. எதிர்வீட்டுப் பொண்ணு அரசு மேல்நிலைப் பள்ளி. ரெண்டு பேர் அப்பாவுக்கும் விசைத்தறிதான் சோறு. 2022ல் ரெண்டு பேரும் இன்ஜினியரிங் சேர்ந்தாங்க. அந்தப் பொண்ணுக்கு ஃபீஸும் ஹாஸ்டலும் அரசு கட்டுச்சு. எங்க சித்தப்பா வட்டிக்கு வாங்கினார். "ஸ்கூல் போர்டுல என்ன எழுதியிருக்குன்னு பார்க்காம விட்டுட்டேன்டா"ன்னு அவர் சொன்னது இன்னும் காதுல இருக்கு. எதிர்வீட்டுப் பொண்ணு மேல எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்ல. அது அவளுக்கு வரவேண்டியது. இவளுக்கும் வந்திருக்கணும், அவ்வளவுதான்.

கொஞ்சம் கொஞ்சமா மாறுது. காலைச் சிற்றுண்டித் திட்டம் கிராமப்புற உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு 2024 ஜூலை 15ல் விரிவானப்ப, தொடங்கி வெச்ச இடம் எங்க திருவள்ளூர் மாவட்டத்துக் கீழச்சேரி. 2024ல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டத்துலயும் உதவி பெறும் பள்ளியில தமிழ் வழியில படிச்ச பசங்க உண்டு. வயித்துப் பசிக்கு ரெண்டு பிள்ளையும் ஒண்ணுன்னு ஒத்துக்கிட்டாச்சு. சீட்டுக்கும் ஒத்துக்கிட்டா என்ன?

1854லேர்ந்து அரசாங்கம் காசு கொடுத்து வளர்த்த பள்ளிங்க இதுங்க. அதுல படிக்கிற பிள்ளையப் பார்த்து நீ எங்க பிள்ளை இல்லன்னு சொல்றது எனக்குப் புரியல. உங்க ஊர்ல எப்படி? நீங்க போர்டு ஸ்கூலா, எய்டடா? பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.

டிஸ்கி: மினியாபோலிஸ் அண்ணன் கடைசியில கவர்மெண்ட் ஸ்கூல்லயே சேர்த்துட்டார். நடந்து போற தூரமாம் :-)