முயல் அளித்த விடையும் முயலால் அளிக்க முடியாத விடையும்

கருத்தடை மாத்திரையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மார்கரெட் சாங்கர், கிரகரி பிங்கஸ், ஜான் ராக் ஆகிய பெயர்களோடு தொடங்குவர். மூல ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கப் புகுந்தால், இவர்கள் அனைவருக்கும் முன்னதாக நம் எதிரே வந்து நிற்பது முயல். 1900 தொடங்கி ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம், அண்டகத்தின் செயற்பாடு குறித்த அடிப்படைக் கேள்விகள் பல முயலிடமே கேட்கப்பட்டன. ஏன் முயல்? அந்தத் தேர்வு நாம் பெற்ற அறிவை எவ்வாறு வடிவமைத்தது? இவையே இப்பதிவின் பொருள்.

பெண்ணின் உடலில் கருமுட்டை ஒரு சுழற்சிக்கு உட்பட்டுத் தானாகவே விடுபடுகிறது. முயலிடம் அத்தகைய மாதச் சுழற்சி இல்லை. இணைசேர்ந்து ஏறத்தாழ 10 மணி நேரம் கழிந்த பின்னரே அதன் கருமுட்டைகள் வெளியேறுகின்றன. ஆங்கிலேய விலங்கியலாளர் வால்ட்டர் ஹீப் 1905இல் இதனை விரிவாக எழுதினார். ஆய்வாளருக்கு இது பெரிய வசதி. இணைசேர்ந்த நேரம் தெரிந்தால் உள்ளே நிகழ்வதன் நேரமும் தெரிந்துவிடும். ஒரு பொருளைச் செலுத்தி, மறுநாள் அண்டகத்தைப் பார்த்தால் போதும்: கருமுட்டை வெளியேறியதா, இல்லையா என்பது தெளிவாகிவிடும்.

கருமுட்டை நீங்கிய இடத்தில் உருவாகும் கார்பஸ் லூட்டியம் என்ற மஞ்சள் நிறத் திரள் எதற்காக என்பது நெடுங்காலம் புதிராகவே இருந்தது. அது ஒரு சுரப்பியாக இருக்கலாம் என்று கருதிய பிரெஸ்லாவ் உடற்கூற்றியலாளர் குஸ்டாவ் போர்ன், 1900இல் இறப்பதற்கு முன் அக்கருத்தைச் சோதிக்கும் பொறுப்பை லுட்விக் ஃபிராங்கெலிடம் ஒப்படைத்தார். ஃபிராங்கெல் சினை முயல்களின் மஞ்சள் திரள்களைச் சூட்டுக்கோலால் அழித்தார், கரு நிலைக்கவில்லை.

இதன் அடுத்த கட்டம் 1929இல் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் நிகழ்ந்தது. ஜார்ஜ் கார்னரும் அவருடைய மாணவர் வில்லார்ட் ஆலனும், இணைசேர்ந்த முயல்களின் அண்டகங்களை நீக்கிவிட்டு, பன்றியின் மஞ்சள் திரளிலிருந்து எடுத்த சாற்றைச் செலுத்திக் கருவைக் காத்தனர். இடையே ஒரு குழப்பம் நேர்ந்தது. ஒரே முறையில் தயாரித்த சாறு ஆலன் கையில் பலன் தந்தது. கார்னர் கையில் தரவில்லை. சாற்றில் குறை தேடிக் களைத்த பின்னரே காரணம் புலப்பட்டது. கார்னர் தேர்ந்தெடுத்தவை மிக இளைய முயல்கள். அவற்றின் கருப்பை இந்த ஹார்மோனுக்கு விடையளிக்கும் பருவத்தை எட்டியிருக்கவில்லை. சோதனை விலங்கின் வயதுகூட விடையை மாற்றிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

1934இல் நான்கு குழுக்கள் தனித்தனியே அந்த ஹார்மோனைத் தூய வடிவில் பிரித்தெடுத்தன. அவற்றுள் ஒன்றை நடத்திய கார்ல் ஸ்லோட்டா, ஃபிராங்கெலின் மருமகன். பின்னர் நாஜி ஆட்சியில் மருமகன் பிரேசிலுக்கும் மாமனார் உருகுவேக்கும் புலம்பெயர நேர்ந்தது.

இந்தப் புரோஜெஸ்டிரோன் கருமுட்டை விடுபடுவதைத் தடுக்கும் என்பதையும் முயலே காட்டியது. ஆஸ்திரியாவின் லுட்விக் ஹாபர்லாண்ட் 1921இல், சினை முயலின் அண்டகத்தை வேறொரு முயலுக்குள் பொருத்தித் தற்காலிக மலட்டுத்தன்மையை உண்டாக்கினார். 1937இல் மேக்பீஸ், வைன்ஸ்டைன், ஃபிரீட்மன் மூவரும் தூய ஹார்மோனைக் கொண்டே இந்தத் தடையை நிறுவினர். ஆயினும் அதனை வாய்வழி கொடுத்தால் வலுவிழந்துவிடும். இந்த இடத்தில்தான் ஹார்மோனை ஒத்த செயற்கைச் சேர்மங்கள் வரலாற்றுக்குள் நுழைகின்றன. 1951இல் மெக்சிகோ நகரத்தின் சின்டெக்ஸ் ஆய்வகம் நோரெதிஸ்டிரோனை உருவாக்கியது. சியர்ல் நிறுவனம் நோரெதினோட்ரெலை உருவாக்கியது. வூஸ்டர் ஆய்வு நிறுவனத்தில் பிங்கஸின் சகாவான மின் சூவே சாங் இத்தகைய சேர்மங்களை முயல்களிடம் சோதித்து, வாய்வழியே வலுவாகச் செயற்படுபவற்றைப் பொறுக்கி எடுத்தார்.

முயலிடம் கேட்ட கேள்வி ஒன்றே: கருமுட்டை வெளியேறியதா? மாதச் சுழற்சியே இல்லாத விலங்கிடம், சுழற்சி குலைவதால் என்ன நேரும் என்று கேட்க வழியில்லை. தலைச்சுற்றல், குமட்டல், தலைவலி ஆகியவற்றை முயல் வாய்விட்டுச் சொல்லாது.

1956இல் போர்ட்டோ ரிக்கோவின் ஏழைக் குடியிருப்புகளில் பெண்களிடம் மாத்திரை சோதிக்கப்பட்டது. அது சோதனை நிலையில் உள்ள மருந்து என்பது அவர்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை. களப்பணியை நடத்திய மருத்துவர் எட்ரிஸ் ரைஸ்-ரே, கருத்தடையில் மாத்திரை முழுப் பயன் தருகிறது என்றும், 17 விழுக்காட்டுப் பெண்களிடம் பக்க விளைவுகள் காணப்படுவதால் பொதுப் பயன்பாட்டுக்கு அது ஏற்றதன்று என்றும் அறிக்கை அளித்தார். பிங்கஸோ அவற்றுள் பெரும்பகுதியை மனம் சார்ந்தவை என ஒதுக்கினார். முயல் ஆய்வில் எழுப்பப்பட்ட அதே ஒற்றைக் கேள்வியே பெண்களிடமும் எழுப்பப்பட்டது. கேட்காமலேயே வந்த விடைகள் இரைச்சலாகக் கொள்ளப்பட்டன. 1960இல் மாத்திரை கருத்தடைக்கான ஒப்புதல் பெற்றது.

இது தொலைவில் எங்கோ நடந்த கதையன்று. நோரெதிஸ்டிரோனின் வழித்தோன்றலான நெட்-என் ஊசிமருந்தின் சோதனைக்காக 1985இல் ஹைதராபாத் அருகே பட்டஞ்செருவில் பெண்கள் திரட்டப்பட்டபோது, போதிய தகவல் தராமலேயே அவர்களின் ஒப்புதல் பெறப்பட்டதாகப் பெண்கள் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. 1986இல் ஸ்த்ரீ சக்தி சங்கடனா முதலிய அமைப்புகள் உச்ச நீதிமன்றத்தை நாடின.

முயல் பொய் சொல்லவில்லை. கேட்டதற்குச் சரியாகவே விடையளித்தது. கருத்தடை மாத்திரை கோடிக்கணக்கான பெண்களுக்குத் தந்த விடுதலையும் மறுக்கத்தக்கதன்று. ஆய்வு மாணவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். ஆய்வு முறை பற்றிய இயலில், எந்த விலங்கைத் தேர்ந்தீர்கள், ஏன் தேர்ந்தீர்கள் என்று எழுதுவதோடு நிறுத்திவிடாதீர்கள். அந்த விலங்கால் விடையளிக்க இயலாத கேள்விகள் எவை என்பதற்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். மனிதரிடம் செல்லும்போது முதலில் கேட்க வேண்டியவை அக்கேள்விகளே.