சீரங்கபட்டணம் சென்ற தூது

திருவள்ளுவனார் பொருட்பாலில் தூதிற்கென ஓர் அதிகாரம் வகுத்தமையும், பரிமேலழகர் தூதரைத் தான் வகுத்துக் கூறுவான் என்றும் கூறியது கூறுவான் என்றும் இருபாற்படுத்து உரைத்தமையும் நம் சஞ்சிகையின் வாசகர் அறிந்தனவே. அதியமான் பொருட்டு ஔவையார் தொண்டைமானுழைச் சென்ற செய்தியும் புறநானூற்றால் நமக்குப் பழகியதே. ஆயின், விடுத்தவர் சொல் காவாதவராக, சென்றவர் மட்டும் வாய்மை காத்தவராக அமைந்ததொரு தூது நம் நாட்டகத்தே 1779-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. பள்ளியிற் சரித்திரம் கற்பிக்குங்கால், மைசூர்ப் போர்கள் நான்கு என்று ஆண்டுகளை அடுக்கி மாணாக்கரை மனனம் செய்விக்கின்றோமேயன்றி, முதற்போருக்கும் இரண்டாம் போருக்கும் இடையே கிடக்கும் இச்செய்தியை நாம் எடுத்துரைப்பதில்லை. அக்குறை நீங்க ஈண்டுச் சிறிது விரித்து எழுதலாயினோம்.

முதல் மைசூர்ப் போரின் முடிவில், 1769-ஆம் ஆண்டு, ஐதரலி தம் குதிரைப்படையுடன் சென்னப்பட்டணத்தின் வாயிலளவும் வந்து நின்று கும்பெனியாரைத் தாம் வேண்டியவாறு உடன்படிக்கை செய்யப் பண்ணினார். ஒருவர்மேற் பிறர் படையெடுப்பின் மற்றவர் துணைபோதல் வேண்டும் என்பது அதன்கண் தலையாயதொரு நிபந்தனை. அடுத்த ஆண்டே மராட்டியர் மைசூர்மேற் பாய்ந்தனர். ஐதர் துணை வேண்டினார், கும்பெனியார் வாளாவிருந்தனர். 1771-இல் ஐதர் மராட்டியரிடம் பெருந்தோல்வி எய்திப் பொருளும் நிலமும் இழக்க நேர்ந்தது. அந்த வடு அவர் நெஞ்சில் ஆறவேயில்லை.

அதன்மேலும் இரண்டு கூடின. பிரெஞ்சுக்காரரோடு போர் மூண்டமையின், ஆங்கிலேயர் 1778-இல் புதுச்சேரியைக் கைக்கொண்டு, 1779-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மேலைக் கடற்கரையிலுள்ள மாகியையும் பற்றினர். மாகி பிரெஞ்சுக்காரருடையதேனும், ஐதருக்கு வெடிமருந்தும் துப்பாக்கியும் வந்திறங்கும் துறை அதுவேயாதலின், அதனைத் தம் காவலுட்பட்டதாக அவர் முன்னரே அறிவித்திருந்தார். அறிவித்தும் பயனின்றாயிற்று. இஃதிங்ஙனமாக, குண்டூர்ச் சீமையைப்பற்றி நிஜாமின் உடன்பிறந்தாராகிய பசாலத்து சங்கோடு சென்னைக் கும்பெனியார் தனியே ஓர் ஏற்பாடு செய்துகொண்டு, அவர்க்குத் துணையாகப் படை அனுப்பவும் முற்பட்டனர். நிஜாமும் சினந்தார், ஐதரும் சினந்தார்.

இந்நிலையில் ஐதரின் மனக்கருத்து யாது, அவர் போர் கருதுகின்றாரா அன்றா என்று அறியவும், தமக்குப் பகைமை இல்லை என்று அவரைத் தேற்றவும் சென்னைக் கவர்னர் தாமஸ் ரம்போல்டு விரும்பினார். படைத்தலைவரை விடுப்பின் வேவு என்பர். வணிகரை விடுப்பின் கைக்கூலி நாடுவர். ஆகவே அவர் கண் தஞ்சையில் இருந்த சுவார்ட்ஸ் ஐயர்மேற் சென்றது. கிறிஸ்து சமயப் போதகர்களை அக்காலத்து மக்கள் ஐயர் என்றே வழங்கினர். நாமும் அங்ஙனமே வழங்குவோம். கிறிஸ்தவரை விடுங்கள், அவரொருவரையே நம்புவேன் என்று ஐதரே கேட்டதாகவும் ஒரு கதை உண்டு. கதை எவ்வாறாயினும், தெரிவு நன்றே.

சுவார்ட்ஸ் 1726-இல் பிராந்தன்பர்க்கு நாட்டிற் பிறந்த ஜெர்மானியர், ஆங்கிலேயர் அல்லர். 1750-இல் டேனியருக்குரிய தரங்கம்பாடியில் வந்திறங்கித் தமிழ் பயின்று, பின்னர்த் திருச்சிராப்பள்ளியிலும் தஞ்சையிலும் உறைந்தவர். தமிழேயன்றிப் பாரசீகமும் இந்துஸ்தானியும் போர்த்துகேசிய மொழியும் வல்லவர். நவாபின் மக்களோடும் சேனைக்காரரோடும் உரையாடுதற்கென்றே முதிர்ந்த வயதில் அவர் பாரசீகம் கற்றனர். துபாஷி ஒருவன் இடையே நின்று ஒன்றைப் பத்தாக்கியும் பத்தை ஒன்றாக்கியும் உரைக்கும் கேடு இவரிடத்து இல்லை. மேலும், இல்லறம் மேற்கொள்ளாதவர், எளிய உடையினர், பொருட்பற்று அற்றவர் என்பது காவிரிக்கரை முழுதும் பரந்திருந்தது. அவர்தம் சமயக்கொள்கை நம்மவர்க்கு உடன்பாடன்று. அது கருதி அவர் ஒழுக்கத்தை நாம் குறைத்துரைத்தல் நடுவுநிலைமை ஆகாது.

கவர்னர் அவரைச் சென்னைக்கு மறைவாக வரவழைத்துத் தம் கருத்தை உரைத்தனர். ஐயர் உடனே இசைந்திலர். சில காலம் எண்ணிப் பார்த்தனர். இசைந்தமைக்குரிய காரணங்களை அவரே எழுதிவைத்துள்ளார். இது சூழ்ச்சி பற்றியதன்று, போரைத் தவிர்த்து மாந்தர் குருதி சிந்தாமற் காப்பதாம் என்பது ஒன்று. செல்லும் வழியெல்லாம் தம் சமயத்தைப் போதிக்க வாய்ப்புண்டு என்பது ஒன்று. கும்பெனியார் தமக்குச் செய்த நன்மைக்குக் கைம்மாறு என்பது மற்றொன்று. இவற்றோடு, எவரிடத்தும் எவ்வகைப் பரிசிலும் வாங்காது கை தூயராய் மீள்வதென உறுதி பூண்டனர். கும்பெனி உத்தியோகஸ்தர் நவாபினிடத்தும் தஞ்சை அரசரிடத்தும் வாரி வாரிப் பொருள் குவித்த காலம் அது என்பதை நினைப்பின், இவ்வுறுதியின் அருமை விளங்கும்.

1779-ஆம் ஆண்டு ஜூலைத் தொடக்கத்தில் திருச்சிராப்பள்ளியினின்று புறப்பட்டு, ஐதரின் எல்லைக் கோட்டையாகிய கரூரை அடைந்தனர். மேற்செல்ல ஐதரின் ஆணை வேண்டியிருந்தமையின் ஏறக்குறைய ஒரு திங்கள் அங்கேயே தங்கினர். தங்கிய நாளும் வீண்போகவில்லை. ஊராரோடு நாடோறும் உரையாடிப் போதித்திருந்தனர். ஆணை வந்தபின் கொங்குநாட்டைக் கடந்து மலைவழி ஏறி மைசூர்ச் சீமை புகுந்து, ஆகஸ்டு மாத இறுதியில் சீரங்கபட்டணம் சேர்ந்தனர்.

வழியில் தாம் கண்டவற்றை அவர் எழுதியிருக்கும் பகுதி நமக்குப் பெரிதும் உவப்பளிப்பது. பகைவர் நாடு என்று பழித்தெழுதுவார் என எதிர்பார்ப்போம். அவரோ, சாலைகளும் பாலங்களும் அங்குச் செவ்வையாகப் பேணப்படுவதைக் கண்டு வியக்கின்றார். மழைவெள்ளத்தால் ஒரு பாலத்தில் ஊறு நேரின், ஒரு கணமும் தாழ்க்காது உடனே செப்பனிடல் ஐதரின் முறையாம். சிறிது பழுதுபட்டபோதே திருத்துதலின் செலவும் சிறிதேயாம். கருநாடகத்திலுள்ள ஐரோப்பியரோ அனைத்தையும் பாழ்பட விட்டிருக்கின்றனர் என்று, தம்மை விடுத்தவரையே இடித்தும் எழுதுகின்றார். மாற்றான் நாட்டில் நல்லது கண்டவிடத்து நல்லது என்றே எழுதும் தூதர் எத்துணைப் பேர்!

சீரங்கபட்டணத்து அரண்மனையையும் அவர் விரித்துரைக்கின்றார். முன்னே அகன்றதொரு வெளி. அதன் இருமருங்கும் திறந்த கட்டிடங்களில் படைக்கணக்கரும் நாட்டுக்கணக்கரும் அமர்ந்து அலுவல் பார்ப்பர். ஐதர் தம் இருக்கையினின்றே அவரனைவரையும் நோக்கலாம். ஆரவாரமில்லை, ஒழுங்கும் விரைவும் உண்டு. ஐதர் எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆயின் நினைவாற்றல் மிக்கவர். ஒருவனைக்கொண்டு ஓலை எழுதுவித்துப் படிக்கக் கேட்பார். பின்னர் வேறொருவனை அழைத்து அதனையே மீண்டும் படிப்பிப்பார். தம் கருத்தினின்று ஒரு சொல் பிறழ்ந்திருப்பினும் எழுதியவன் தப்பினான் அல்லன். கையெழுத்திடத் தெரிந்தும் தம் குமாஸ்தா நீட்டும் காகிதத்தைப் படியாது ஒப்பமிடும் கனவான்களை நாமும் கண்டிருக்கின்றோமாதலின் இது நோக்கத்தக்கது.

இவ்வொழுங்கின் அடிநிலை யாதெனின், அச்சமே என்கின்றார் ஐயர். சவுக்கேந்திய இருநூறு பேர் எந்நேரமும் அணியமாக நிற்பர்; அடியுண்பார் இல்லாத நாள் இல்லை. குதிரைக்காரன், வரி தண்டுவோன், பெருமகன், ஐதர்தம் சொந்த மக்கள் எவராயினும் குற்றத்திற்கு அச்சவுக்கே தண்டம். பாலத்தைப் புகழ்ந்த அதே கை இதனையும் மறைக்கவில்லை.

ஐதர் அவரைத் தம் பக்கத்தே விரிப்பில் அமரச்செய்து, மரியாதையோடு நடத்தி, அவர் உரைத்தன அனைத்தையும் பொறுமையாகக் கேட்டனர். பின்னர் ஒளிவுமறைவின்றித் தம் குறையை எடுத்துரைத்தனர்: ஐரோப்பியர் தம்மொடு செய்த ஆணையையும் உடன்படிக்கையையும் மீறினர்; அங்ஙனம் மீறியும், அவர் இனியேனும் நேரிதின் ஒழுகுவராயின் தாம் அமைதியாக இருக்க விரும்புவதாகக் கூறினர். ஐயர் அதற்கு மறுமொழியாக வழக்காடினார் அல்லர். விடுத்தவர்க்குக் கூட்டியும் குறைத்தும் உரையாது கொண்டுபோதலே தம் கடன் எனக் கொண்டனர். பரிமேலழகர் பாகுபாட்டில் இவர் கூறியது கூறுவார் ஆவரே என்று ஐயுறலாம். ஆயின் சொல்லிவிடுத்த சொல்லைச் சொல்லுதல் மட்டுமன்றி, சொல்லுவார் முகமே ஒரு சான்றாக நிற்றலின், இவரை அவ்வகையுள் அடக்குதல் எளிதன்று.

அந்நகரில் ஐதர் படையிற் பணியாற்றிய ஜெர்மானியரும் பிறரும் இருந்தனர். ஞாயிறுதோறும் கோட்டைப்புறத்தே ஒரு கூடாரத்தில் அவர்களைக் கூட்டி ஐயர் வழிபாடு நடத்தினர். தடுத்தார் எவருமிலர்.

விடைபெற்று மீளுங்கால், வழிச்செலவிற்கென ஐதர் விடுத்த 300 ரூபாய் அவர் பல்லக்கினுள் இருந்தது. ஐயர் அதனைத் திருப்பினர். ஐதரின் ஏவலரோ, இதனை மீளக் கொண்டுபோவோமாயின் எம் உயிர்க்கு இறுதியாம் என்று நடுங்கி மறுத்தனர். சவுக்கேந்திய இருநூற்றுவரை முன்னர்க் கூறினோமன்றோ! பிறர்க்கு அடி வாங்கித் தருதலினும் தம் விரதம் நெகிழ்தல் மேல் எனக் கொண்டுபோய், சென்னை அரசினர்முன் வைத்தனர். அவரும் கொள்ளாராகவே, தஞ்சையில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கு முதலாக அதனை ஆக்கினர்.

தூதின் பயன் யாது? இவர் சீரங்கபட்டணத்தில் சமாதானம் பேசிய அப்பருவத்திலேயே, கும்பெனிப் படை ஒன்று, ஐதர் புதிதாக வென்ற கடப்பைச் சீமையினூடே அவர் இசைவின்றிப் பசாலத்து சங்கிடம் செல்ல முயன்று, ஐதரின் காவலரால் தடுக்கப்பட்டது. வாயில் அமைதியும் காலிற் படையுமாக ஓர் அரசு நடப்பின், தூதன் எத்துணைத் தூயனாயினும் என் செய்வான்? தூயவனாதலே அங்குக் கேடாகவும் முடியலாம். அவன் முகத்தை நம்பி எதிரி சிறிது பொறுக்க, அப்பொறுமையை விடுத்தவர் தம் ஊதியமாக்கிக் கொள்வர். நம் குலத்தாருள்ளும் இரண்டு ஊரார்க்குள் வழக்கு மூண்டவழி, இரு திறத்தாரும் நம்பும் முதியவர் ஒருவரை நடுவே விடுகின்றோம். அவர் ஒப்பிவந்த சொல்லை நாம் ஒரு கிழமைக்குள் மாற்றுவோமாயின், இழுக்கு அவர் நரைத்த தலைமேல் விழுகின்றது. அடுத்த வழக்கிற்கு நடுவர் கிடைப்பதும் அரிதாகின்றது.

1780-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிரே என்னும் ஆங்கிலேயர் ஒருவரும் ஐதரிடம் தூது சென்றார். அவர் மதிப்பின்றி நடத்தப்பெற்று வறிதே மீண்டார். ரம்போல்டு ஏப்ரலில் பதவி துறந்து சீமைக்குக் கப்பலேறினார். ஜூலையில் ஐதரின் பெரும்படை கணவாய்களின் வழியே கருநாடகத்தில் இறங்கிற்று. செப்டம்பர் 10-ஆம் நாள் காஞ்சிக்கு அணித்தாகிய புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. ஊர்கள் எரிந்தன, மாடுகள் கவரப்பட்டன, வாய்க்கால்கள் தூர்ந்தன, தஞ்சை நாட்டிலும் பஞ்சம் புகுந்தது.

நம் சரித்திர நூல்களிற் பல, தூது பயனின்றாயிற்று என்று இவ்விடத்து ஒரு வரியில் முடித்து மேற்செல்கின்றன. நாம் அதற்கு உடன்பட்டிலோம். போரைத் தவிர்த்தற்கண் அது பயன்படவில்லை என்பது மெய்யே. ஆயின் அப்போரின் இடையே, சுவார்ட்ஸ் ஐயர் எங்குச் செல்லினும் தடையின்றி விடுக, அவர்க்கு மரியாதை செய்க, அவர் நம் அரசிற்குத் தீங்கு கருதாதவர் என்று ஐதர் தம் படைத்தலைவர்க்கு ஆணை விடுத்தனர். பகைப்படையினூடே ஐயர் சென்று மீண்டனர். விடுத்தவரை வெறுத்த ஐதர், வந்தவரை வெறுத்திலர். இரண்டனையும் வேறு பிரித்தறியும் நுண்மை எழுத்தறியாத அவர்க்கு இருந்தது.

தஞ்சைக் கோட்டையில் உணவு அற்று, சிப்பாய்கள் தெருவிற் செத்து வீழ்ந்த நாளில், வெளியே நெல் இருந்தும் குடிகள் கொண்டுவந்தாரல்லர். முன்னர் கொடுத்த நெல்லுக்கு விலை கிடையாதும், வண்டிமாடுகள் கவரப்பட்டும் அவர்கள் துன்புற்றிருந்தனர். அரசர் ஆணையும் ஆங்கிலத் தளபதியின் ஆணையும் செல்லவில்லை. இறுதியில், விலை கொடுப்பதற்கு யானே பிணை என்று சுவார்ட்ஸ் ஐயர் ஊர்தோறும் ஓலை விடுத்தனர். ஓரிரு நாட்களில் எருதுகள் வந்தன, நெல் வந்தது, கோட்டை பிழைத்தது. சொன்னவாறே ஒவ்வொருவர்க்கும் விலை அளித்து அனுப்பினர். விலை மலிந்தபோதே நெல் வாங்கிச் சேமித்துப் பஞ்சத்தில் எளியார்க்கு உணவளித்தமையும் உண்டு.

ஐதர் 1782-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் நாள் சித்தூருக்கு அணித்தே பாசறையில் இறந்தனர். மறு ஆண்டு, அவர் மைந்தர் திப்புவினிடம் சமாதானம் பேசச் செல்வாரோடு உடன்போகுமாறு சென்னை அரசினர் மீண்டும் சுவார்ட்ஸ் ஐயரையே வேண்டினர். அவரும் உடன்பட்டுப் புறப்பட்டனர். முன்னர் அவர்க்கு வழிதிறந்த அதே கொங்குநாட்டில், சத்தியமங்கலத்தில், திப்புவின் காவலர் மேற்செல்ல விடாது அவரைத் தடுத்து மீள அனுப்பினர். 1784-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மங்களூரில் உடன்படிக்கை எழுதப்பட்டபோது அவர் தஞ்சையில் தம் பள்ளிப்பிள்ளைகளோடு இருந்தனர்.